அந்த 'நம்ம'வில் நாம் இருக்கிறோமா?

போன தை மாதம் எங்கள் தெரு மாலை வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை ஒரு வேனில் அடைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போனோம். வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழி. போகிற வழியெல்லாம் பாட்டும் கும்மாளமும்தான். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் ஒரு வழிகாட்டி ஏதோ ஒரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் ஒட்டி நின்று கேட்டார்கள். "ஆயிரத்து முன்னூறு வருசத்துக்கு முந்தி நம்ம முன்னோருங்க செஞ்சது சார். நமக்கு விட்டுட்டுப் போன சொத்து" என்றார் அவர்.

எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அந்த 'நம்ம'ல நாம கீறோமா?"

தமிழில் எம்.ஏ. படித்தவள் நான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

'புராதன நாடு', 'தொன்மையான பண்பாடு' என்கிறார்கள். சுற்றுலாத் துறை சொல்கிறது, பாடப் புத்தகம் சொல்கிறது, மேடையில் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களும் சொல்கிறார்கள். இந்தத் தொன்மையில் ராசா உண்டு, சாமி உண்டு, புலவர் உண்டு. கல்லை வெடித்தவனும் இழுத்தவளும் இல்லை. அவர்கள் எங்கே குடியிருந்தார்கள், எந்தக் குளத்தில் தண்ணி மொண்டார்கள், கோயில் எழும்பிய பிறகு எந்த எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டார்கள் என்பதற்கு அறிவிப்புப் பலகையில் ஒரு வரி கிடையாது. இது மறதி அல்ல. நம்மை வெளியே நிறுத்திய அதே கை இன்று பலகை எழுதுகிறது.

எங்கம்மா திரிசூலம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது பக்கத்தில் சாக்கு விரித்துப் போட்டுவிட்டுச் சுத்தியல் பிடித்ததாகச் சொல்லும். பல்லாவரம், பம்மல், திரிசூலம் மலைகளைக் கொத்தித்தான் இந்தப் பட்டணத்துக்கு ரோடும் பாலமும் மாடிவீடும் வந்தன. அந்தக் கல்லுக்கு அறிவியலில் ஒரு பெயர் இருக்கிறது: சார்னோக்கைட். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்தப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்வகை. அதைப் பார்த்து 1893இல் ஹாலந்து என்ற புவியியலாளர் செத்தவன் பெயரைக் கல்லுக்கு வைத்தார். வெட்டி எடுத்தவன் பெயர் எந்தக் காலத்திலும் யாருக்கும் தேவைப்படவில்லை.

'சிற்பிகளின் பெயர் இருக்கிறதே' என்று படித்தவர்கள் குறுக்கே வரக்கூடும். இருக்கிறது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் ஸேமகன் என்றெல்லாம் வெட்டியிருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிச் சுற்றுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பாறைக்குப் போகிறார்கள்? தச்சனுக்கும் கொல்லனுக்குமே ஊருக்கு வெளியில்தான் இடம் என்றால், அவர்களுக்குக் கீழே மண் சுமந்தவளுக்குப் பாறை ஏது, எழுத்து ஏது?

அதே பூஞ்சேரியில்தான் இருளரும் நரிக்குறவரும் குடியிருக்கிறார்கள். 2021இல் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றில் அன்னதானப் பந்தியில் உட்காரப்போன நரிக்குறவப் பெண்ணைக் கைக்குழந்தையோடு எழுப்பி அனுப்பினார்கள். அவர் அழுது புலம்பவில்லை. கேமரா முன்னால் நியாயம் கேட்டார். ஊரே பார்த்தது. அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதலமைச்சர் அவர்கள் குடியிருப்புக்கே போய்ப் பட்டா கொடுத்தார். நல்லதுதான். ஆனால் கேள்வி மிச்சம் நிற்கிறது. யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கொடுத்த ஊரில், 37 வருசம் கழித்தும், ஒரு இலைச் சோற்றுக்குச் சாதி பார்த்தார்கள் என்றால் எந்தப் பாரம்பரியம் அங்கே பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது?

நம்மைப் பற்றிக் கல்லில் எழுதவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. குளம், வாய்க்கால், சுடுகாடு என்று அடுக்கிக்கொண்டு போகிறபோது 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்றும் வருகிறது. ராசராசனின் ஆயிரமாவது ஆண்டு, சதய விழா என்று மாலை போடுகிறவர்கள் இந்த வரியை ஒலிபெருக்கியில் வாசித்ததுண்டா? 1939லும் 1947லும் கோயில் நுழைவுச் சட்டங்கள் வந்த பிறகுதானே உள்ளே நுழைவது நமக்குச் சட்டப்படியான உரிமை ஆனது? ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் நாம் வெளியே இருந்து பார்த்த கோபுரத்தைக் காட்டி 'நம் பெருமை' என்கிறாய். யாருடைய பெருமை?

தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே குன்றத்தூர் இருக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊர் என்று கூட்டிப்போவார்கள். நந்தனைத் தீயில் இறக்கி, உடம்பை மாற்றி, பூணூல் மாட்டித்தான் அவரால் தில்லைக்குள் அனுப்ப முடிந்தது. வகுப்பில் இதைப் 'பக்திச் சுவை' என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பரீட்சையில் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்.

இப்போது காரணைக்கு வருகிறேன். மாமல்லபுரம் இருக்கிற அதே செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம். வேறு சாதியார் கைக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. போனது. நூறு வருசம் கழித்துக் காரணை மக்கள் அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை நிறுத்தி 'இது எங்களுது' என்றார்கள். சிலை பிடுங்கப்பட்டது. அதைக் கேட்டு செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள்.

25 வருசமும் ஒரு நாளும் கழித்து 2019 அக்டோபர் 11ஆம் தேதி இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரம் வந்து வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கு முன்னால் கை கோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரைக் கூட்டிப் பெருக்கிக் கழுவி வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. உலகத்துக் கேமராவெல்லாம் அங்கே இருந்தது. முந்தின நாள் காரணைத் தியாகிகளுக்குக் கால் நூற்றாண்டு. எந்தத் தொலைக்காட்சி அந்தப் பக்கம் திரும்பியது?

நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'ராசா கட்டினது, பார்ப்பான் மணியாட்டினது, நமக்கு இன்னாத்துக்கு? பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகாதே' என்கிறார்கள். இது வீராப்பு. நாம் ஒதுங்கினால் அவனுக்குத்தான் சுகம். தீண்டாச்சேரி என்று வெட்டியிருக்கிற கல்லை நம் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்காவிட்டால் வேறு யார் படிப்பார்கள்? போகவேண்டும். நுழைவுச்சீட்டுக் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், சத்தமாகக் கேள்வி கேட்கவேண்டும். அதோடு நம் பாதையை நாமே போடவேண்டும்.

மாசி மாதம் அப்படி ஒரு பாதை போட்டோம். முதலில் பல்லாவரம். 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே சரளை மண்ணில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அது. தொன்மை வேண்டுமா உங்களுக்கு? இதைவிடத் தொன்மை எந்தக் கோபுரத்தில் இருக்கிறது? கல்லைக் கையில் எடுத்துச் செதுக்கிய அந்த ஆளுக்கு வேதமும் இல்லை, வருணமும் இல்லை. பிறகு திரிசூலம். பிறகு பூஞ்சேரிப் பாறை. கடைசியில் காரணை.

திரிசூலத்தில் எங்கம்மாதான் வழிகாட்டி. குவாரி நின்றுபோய்ப் பள்ளத்தில் பச்சையாகத் தண்ணி நிற்கிறது. அம்மா கரையில் நின்று கை நீட்டிக் காட்டியது: "அதோ அந்த மொனையில தான் நான் குந்தியிருப்பேன். வெடி வைக்கறப்ப விசில் ஊதுவான், புள்ளையத் தூக்கிக்கினு ஓடியாரணும். நம்ம பொன்னம்மா அக்கா கால் போனது இங்கதான்." பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கூட்டத்தில் அந்த எட்டாவது படிக்கிற பெண்ணும் இருந்தாள். நோட்டைத் திறந்து, "பாட்டி, அவங்க முழுப் பேரு இன்னா? எழுதிக்கிறேன்" என்றாள்.