பொருத்துவதும் கைத்திறனே

வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானத்தின் உறுப்புகளை ஆயத்தமாக வாங்கிப் பொருத்துவது கைத்திறன் ஆகாது என்பர் சிலர். அக்கூற்று பொருந்தாது. ஓரடுக்கு இறக்கை நுனிமுதல் நுனிவரை 80 அங்குலமேனும் இருப்பின், அம்மாதிரியைப் பேருருவினது என்பர் அமெரிக்க ஆர்வலர். அத்துணைப் பெரிய விமானத்தில் ஒரு கீல் கழன்றாலும் சுக்கான் கட்டளைக்கு அடங்காது. கீழே நிற்போர் உயிர்க்கே ஊறு நேரலாம். ஈர்ப்பு மையம் மிகப் பின்னடைந்தால் விமானம் நிலைகுலையும். ஆதலின், பொருத்துவோன் ஒவ்வொரு மூட்டையும் சோதித்து, எடையைச் சமன்செய்த பின்னரே அதனைப் பறக்கவிடல் வேண்டும். உறுப்புகளைப் பொருள் கொடுத்து வாங்கலாம். பொறுப்பினை அங்ஙனம் வாங்க இயலுமோ? கடையில் கிட்டாத அவ்விழிப்பே கைத்திறனின் உயிர் ஆகும்.