அம்பாசிடரில் ஆயில் கசிவு... ரீபோர் ஒன்றுதான் வழியா?

'அப்பா காலத்தில் வாங்கிய 1978-ம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. வாழை இலைக் கட்டுகளைத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகவும், வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் இது ஒன்றுதான் இருக்கிறது. நிறுத்துகிற இடமெல்லாம் ஆயில் சொட்டுகிறது. எஞ்சினுக்கு அடியில் ஒரு குழாயில் புகை வந்ததால், தக்கை வைத்து அடைத்தோம். அதன் பிறகு கசிவு இரண்டு மடங்காகிவிட்டது. ரீபோர் செய்யுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?'

- வாசகர், ஸ்ரீரங்கம்.

முதல் வேலையாக அந்தத் தக்கையைப் பிடுங்க வேண்டும். அதைச் செய்யாமல் ரீபோர் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிவாயு கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற வைத்த வழிதான் பிரீதர். 1489 சி.சி. அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில், பக்கவாட்டில் உள்ள முன்பக்க டேப்பெட் கவரிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கும். மேலே ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போகும். இவை அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கார்க் பேக்கிங், ஆயில் சீல் என்று இளைத்த இடம் பார்த்து ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். இந்த வண்டியில் நடந்திருப்பது அதுதான்.

கீழே இறங்கும் குழாய், வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றால்தான் புகையை நன்றாக இழுக்கும். சித்திரை வீதிக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதும், காவிரிப் பாலத்தில் வரிசையில் நிற்கும்போதும் அந்த இழுப்பு இருக்காது. அப்போது குழாயில் லேசாகப் புகை தெரிவது நோயல்ல. பழைய அமைப்பின் சுபாவம். கலிஃபோர்னியாவில் 1960-களின் தொடக்கத்திலேயே இந்தப் புகையை எஞ்சினே திரும்ப இழுத்து எரிக்கும் வால்வை வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

தக்கையை எடுத்த பிறகு, குழாயையும் ஹோஸையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். வண்டியில் இருக்கும்போதே குத்தினால் கசடு எஞ்சினுக்குள் விழும். கொட்டகையில் நாள்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வயல் பாதைச் சேறும் காய்ந்து அடைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். ஆயில் தாங்கும் ஹோஸைத்தான் மாற்றாகப் போட வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் ஆகாது. கழுவிய எண்ணெயை வாய்க்கால் ஓரத்தில் கொட்டிவிடக் கூடாது.

அடுத்து, எஞ்சினை வெளிப்புறம் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பார்க்கலாம். ஆயில் கீழே வழியும், ஃபேன் காற்றில் பின்னுக்கும் ஓடும். ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானது, அதிலும் முன்பக்கம் இருப்பதுதான் ஊற்றுக்கண். சம்ப் பேக்கிங் போய்விட்டது என்று நினைத்த பலருக்கு, உண்மையில் ராக்கர் கவர் பேக்கிங்தான் போயிருக்கும். அதன் நட்டுகளை இறுக்கி இறுக்கிக் கவரையே வளைத்துவிடுவார்கள். வளைந்தால் புதுப் பேக்கிங்கும் நிற்காது.

கிளட்ச் பக்கம் சொட்டும் ஆயில் தனிக்கதை. இந்த எஞ்சினின் கிராங்க் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நிறுத்திய பின் சில சொட்டு விழுவது இதற்கு வழக்கம். உள்ளழுத்தம் ஏறினால் மரை தோற்றுவிடும். அங்கே 'சீல் மாற்றுகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், எந்த சீல் என்று காட்டச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பொங்கி, டிப்ஸ்டிக்கையும் மேலே தள்ளினால், கம்ப்ரஷன் பார்க்கலாம். எஞ்சின் சூட்டில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து கேஜ் வைக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ரீபோர் முடிவை அப்போது எடுத்தால் போதும்.

மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளையாகப் படிந்திருந்தால், பெரும்பாலும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் சேரும் நீராவிதான். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டமும் ஏறினால், ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

டிராக்டர், டீசல் பம்ப்செட் வைத்திருப்பவர்களும் பிரீதரைக் கவனிக்க வேண்டும். பிரீதர் ஹோஸ் ஏர் கிளீனரில் சேரும் டீசல் எஞ்சினில், ஆயிலை மட்டத்துக்கு மேல் ஊற்றினால், எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துத் தறிகெட்டு ஓடும். டீசலை நிறுத்தினாலும் அடங்காது. காற்று நுழையும் வாயைக் கையால் மூடாமல், கனமான தட்டைப் பலகையால் இறுக்கி அடைக்க வேண்டும். நெருங்க முடியாத வேகத்தில் ஓடினால் எல்லோரும் விலகி நிற்பதே நல்லது.