நாம் பூட்டியது எதை?

2025 அக்டோபர் முதல் நாள் அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் பல மூடப்பட்டன. நவம்பர் 12 வரை, 43 நாள் அந்நிலை நீடித்தது. இலட்சக்கணக்கான ஊழியர்கள் ஊதியமின்றித் தவித்தனர். அந்நாட்களில் ஒரு மாலை மண்ணூர்பேட்டையில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில், தொழிற்பேட்டையில் முப்பதாண்டு லேத் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வேளை சார், நம்ம ஊர்ல இந்தக் கூத்தெல்லாம் இல்ல." கல்லூரி ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுதான். படித்த நண்பர்கள் ஒரு படி மேலே போய் நம் அரசியல் சட்டத்தை மெச்சிக்கொண்டார்கள்.

அந்த மெச்சுதலை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

மக்கள் அவையின் ஒப்புதலின்றிக் கருவூலத்திலிருந்து காசு எடுக்கலாகாது என்ற விதி அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வேறுபாடு, ஒப்புதல் கிடைக்காதபோது நேர்வதில் உள்ளது. நிதி மசோதா மக்களவையில் தோற்றால் இங்கே அமைச்சரவை வீழும். அங்கே அதிபர் தம் நான்காண்டை இருந்தே முடிப்பார். எனவே அவருக்கும் அவைக்குமான பிணக்கு அலுவலகக் கதவில் வந்து விழுகிறது. அவலம்தான். ஆனால் அந்த அவலத்தின் நடுவிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் இருந்தார்கள். திட்டவும் தோற்கடிக்கவும் மக்களுக்கு ஆள் இருந்தது.

இனி நம் கதை. 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டு முறைகேட்டைக் காட்டி உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பிழையைத் திருத்தி விரைந்து தேர்தல் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வந்தது. வர்தா புயல், பெருந்தொற்று, 2021 நவம்பர் மழை அத்தனையும் வந்து போயின. கதவைத் தட்ட ஒரு கவுன்சிலர் இல்லை. ஆனால் வரி வசூல் ஒரு நாளும் நிற்கவில்லை. ஆணையரே தனி அலுவலர். மன்றத்தின் அதிகாரமும் அவரிடமே. கேட்பவரும் அவரே, ஒப்புபவரும் அவரே. அமெரிக்காவில் மன்றம் திறந்திருக்க அலுவலகம் பூட்டப்பட்டது. நம்மிடமோ அலுவலகம் திறந்திருக்க மன்றம் பூட்டப்பட்டது, அதுவும் ஐந்தாண்டுக்கு மேல். இவற்றுள் எது பெரிய முடக்கம்?

இந்த இடைவெளியில் வரி என்ன ஆயிற்று என்று பார்க்கவேண்டும். சென்னையில் 1998க்குப் பின் இருபதாண்டு சொத்துவரி சீரமைக்கப்படவில்லை. 2018இல், மன்றமே இல்லாத காலத்தில், உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததும், நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில், வாக்கு எண்ணி முடிந்த இரு மாதங்களுக்குள், மறுபடி உயர்ந்தது. 2011இல் மாநகராட்சியில் இணைக்கப்பட்ட அம்பத்தூர் போன்ற பகுதிகளில் குடியிருப்புக்கு 25 முதல் 100 விழுக்காடு வரை. பழைய சென்னையில் 50 முதல் 150 வரை. அறிவித்தது மாநில அரசு. மன்றம் பின்னர் தீர்மானம் போட்டது.

வரி உயர்வே கூடாது என்பது என் கட்சி அன்று. இருபதாண்டு உயராத வரி ஏழைக்குச் செய்த கருணை என்று எண்ணுவோர் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கட்டும். அந்தத் தேக்கத்தால் அறுநூறு சதுர அடி வீட்டுக்காரர் மிச்சம் பிடித்தது சில நூறு; வணிக வளாகத்துக்காரர் பிடித்தது எத்தனை மடங்கு! வடிகாலும் விளக்கும் இல்லாமல் போனது யார் தெருவில்? அமெரிக்க வரித்துறையை வலுப்படுத்த 2022இல் பத்தாண்டுக்கென ஏறத்தாழ 8,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மறு ஆண்டே அதில் ஒரு பகுதியைப் பறிக்கப் பேசி முடித்தார்கள். வரித்துறை மெலிந்தால் ஆதாயம் ஏய்ப்பவனுக்கே. மாதச் சம்பளக்காரனுக்கு வரி முன்னமே பிடிக்கப்பட்டுவிடுகிறது. அங்கும் இங்கும் நோய் ஒன்றே: வரியைப் பற்றி மக்களிடம் நேர்நின்று பேச அஞ்சும் கோழைத்தனம்.

நான் இலக்கியம் நடத்துபவன். வரி என்றதும் பிசிராந்தையாரின் யானையை இழுத்து வருவது எம் வழக்கம். 2019இல் மத்திய நிதிநிலை உரையிலும் அந்த யானை நடந்தது. ஆனால் அப்பாட்டில் வரியை முடிவு செய்பவன் அரசன். குடிக்கு வாய்த்தது அறிவுரை மட்டுமே. நாம் இன்னும் அறிவுரை சொல்லும் குடிகள்தாமா? இந்த மாநகராட்சியை 1688இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குக்கூட விவரம் தெரிந்திருந்தது. மேலிருந்து சுமத்தும் சிறு வரியைவிடத் தம்மவர் கூடி விதிக்கும் பெரிய வரியை மக்கள் மனமுவந்து தருவர் என்பது அக்கம்பெனியை ஆட்டிவைத்த ஜோசையா சைல்டின் கணக்கு. வியாபாரிக்கு விளங்கியது குடியரசுக்கு விளங்கவில்லை.

கவுன்சிலர்கள் யோக்கியர்களா என்று கேட்பீர்கள். எல்லாரும் அல்லர். 1973இல் ஊழலைக் காட்டித்தான் மன்றத்தைக் கலைத்தார்கள். மறு தேர்தல் 1996இல். திருடனைப் பிடிக்க இருபத்து மூன்று ஆண்டு வீட்டையே பூட்டி வைத்த கதை அது. அந்தப் பூட்டு இனி விழக்கூடாது என்றே 74ஆம் திருத்தம், பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்றது. அதன் பிறகும் 2016இல் பூட்டினார்கள். 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆட்சிகள் மாறின, பழக்கம் மாறவில்லை.

2022 மார்ச்சில் அமர்ந்த சென்னை மன்றத்தின் ஐந்தாண்டுக் கெடு 2027 மார்ச். உரிய நாளில் தேர்தல் என்பது சலுகை அன்று. அரையாண்டுதோறும் நாம் கட்டும் வரியின் மறுபாதி. வரி கட்டத் தவறினால் நமக்கு நோட்டீஸ் வருகிறது. தேர்தல் நடத்தத் தவறும் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டியவர்கள் நாமே. தேநீர்க்கடைப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அஞ்சு வருஷம் நாம யார்கிட்ட சார் வரி கட்டினோம்?" என்று கேட்டார். ஆட்சியிலிருந்தோரும் எதிர்க்கட்சியிலிருந்தோரும் விடை சொல்லவேண்டிய கேள்வி அது.