நாம் எத்தனை பேர்? நம்மோடு இருப்போர் யார்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாயல்குடி கடைத்தெருவில் சிலர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. இளைஞர் ஒருவர், "இந்த மாவட்டத்தில் நாம் பதினைந்து சதவீதம். இந்த முறை அதைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரையும் விடாமல் எழுதிவிட வேண்டும்" என்றார். அருகில் இருந்த பெரியவர், "அது இருக்கட்டும் தம்பி, இந்த முறை சாதியும் கேட்பார்களாமே, அதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். இளைஞர் சற்றுத் தயங்கிவிட்டு, "முஸ்லிம் என்று சொல்வேன், அவ்வளவுதான்" என்றார்.

இல்லாதவரை எழுதுவதும் சமுதாயப் பற்று, இருப்பதை எழுதாமல் விடுவதும் சமுதாயப் பற்று என்று அவர் நினைத்தார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆயினும் இரண்டும் தவறு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில், கையில் இருக்கும் எண்களைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445. அதில் இந்துக்கள் ஏறத்தாழ 77 சதவீதம், முஸ்லிம்கள் 15 சதவீதத்துக்குச் சற்று மேல், கிறிஸ்தவர்கள் ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாடு முழுவதிலும் முஸ்லிம்கள் 5.86 சதவீதமே. அதாவது மாநிலச் சராசரியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாக இம்மாவட்டத்தில் நாம் வாழ்கிறோம். எழுத்தறிவில் மாவட்டம் 80.72 சதவீதம், மாநிலச் சராசரியும் ஏறக்குறைய அதுதான். ஆனால் மாநிலத்தில் பாதிப்பேர் நகரவாசிகளாகிவிட்ட நிலையில், இங்கே பத்தில் ஏழு பேர் இன்னும் கிராமத்தில் இருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு வளர்ச்சியில் முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலை வெளியிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன.

மேடைகளில் இவற்றுள் ஒரே ஓர் எண்தான் ஒலிக்கிறது. மற்றவை யாருக்கும் நினைவில்லை.

இனி, எண்களுக்குப் பின்னால் இருக்கும் மக்களைப் பார்ப்போம். ஏர்வாடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வழியாக மேற்கே பயணம் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் இம்மாவட்டத்தின் பல முகங்களையும் கண்டுவிடலாம். ஏர்வாடி தர்காவுக்கு வருவோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள். ஒப்பிலான் முஸ்லிம்கள் வாழும் கடலோர ஊர். மாரியூரில் பழைய சிவன் கோயில். மூக்கையூரில் தேவாலயமும் கத்தோலிக்க மீனவர்களும். சாலைக்கு வடக்கே பனங்காடுகளும் சீமைக் கருவேலக் காடுகளும். கருப்பட்டி காய்ச்சும் நாடார்கள், மறவர்கள், கோனார்கள், தேவேந்திரகுல வேளாளர்கள், கரிமூட்டம் போடும் கூலித் தொழிலாளர்கள் என்று அங்கே ஓர் உலகம். மாவட்டத்தில் ஐந்தாறு பேரில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். மண்டபத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழ் ஏதிலியர் முகாம் இன்றும் இருக்கிறது.

முஸ்லிம்களாகிய நாமும் ஒரே வார்ப்பு அல்லர். கீழக்கரையின் மரைக்காயர் வரலாறு கடல் வணிகத்தோடும் முத்துக்குளிப்போடும் கலந்தது. வள்ளல் சீதக்காதியும் கிழவன் சேதுபதியும் நட்புப் பாராட்டிய காலம் அது. உள்நாட்டு ஊர்களில் இராவுத்தர்கள். பல ஊர்களில் லெப்பைகள். கடலில் வலை இழுப்பவர், உப்பளத்தில் வேலை செய்பவர், சென்னையில் கடை வைத்திருப்பவர், வளைகுடாவில் ஓட்டுநராக இருப்பவர் என்று நம்மிலும் செல்வத்தில், கல்வியில், தொழிலில் பெரும் வேறுபாடு உண்டு. பதினைந்து சதவீதம் என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. நம்மில் வசதியானவர்களின் முகமே நம் எல்லோருடைய முகமாகக் காட்டப்படுகிறது. அதனால் இழப்பு யாருக்கு? ஒப்பிலானிலும் வாலிநோக்கத்திலும் உள்ள ஏழைக்குத்தான்.

எண்ணுவது குறித்து நம் மார்க்கம் என்ன சொல்கிறது? இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாகவும், தாம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்களை எழுதிக் கொடுத்ததாகவும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஆக, கணக்கெடுப்பது நமக்குப் புதிதன்று. அது நபிவழியில் இடம்பெற்ற நிர்வாகச் செயல். ஆனால் அதே அறிவிப்பின் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆயிரத்து ஐந்நூறு பேர் இருக்கும்போது நாம் அஞ்சலாமா என்று அன்று எண்ணியவர்கள், பின்னொரு காலத்தில் ஒருவர் தனியாகத் தொழக்கூட அஞ்சும் அளவுக்குச் சோதிக்கப்பட்டதை ஹுதைஃபா (ரலி) அவர்களே வருத்தத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

ஹுனைன் போர்க்களத்தில் முஸ்லிம்களின் பெருந்தொகை அவர்களை மகிழ்வித்தது என்றும், அது அவர்களுக்குச் சிறிதும் பயன் தரவில்லை என்றும் ஸூரத்துத் தவ்பா எடுத்துரைக்கிறது. அதிகமாக்கிக்கொள்ளும் போட்டி மனிதனை மண்ணறை வரை பராக்காக்கிவிடுவதாக ஸூரத்துத் தகாஸுர் எச்சரிக்கிறது. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று ஸூரத்துல் ஹுஜுராத் அறிவிக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் அளவுகோல் தெளிவானது: அறிந்துகொள்வதற்காக எண்ணலாம், பெருமையடிப்பதற்காக எண்ணக்கூடாது.

எண்ணிக்கையைப் பெருமையாகவும் மிரட்டலாகவும் ஆக்கினால் என்ன நேரும் என்பதை இந்த மண் அறியும். 1957-இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரங்களின் வடு இன்னும் ஆறவில்லை. ஒரு சமூகம் தன் தொகையைச் சொல்லி மார்தட்டும்போது, அடுத்த தெருவில் இருப்பவர் அதை அச்சத்தோடு கேட்கிறார். அந்த அச்சத்தை மூலதனமாக்குவோர் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கையாலேயே பொய்யான எண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

இப்போது இளைஞர் சொன்ன முதல் யோசனைக்கு வருவோம். 2011-இல் பின்பற்றப்பட்ட விதிப்படி, கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவர் இங்கே எண்ணப்படுவதில்லை. ரியாதிலும் துபாயிலும் ஆண்டுக்கணக்காக உழைக்கும் மகனை வீட்டில் இருப்பவராக எழுதுவது பொய். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்பதை நாம் அறிவோம். அதுமட்டுமன்று, அந்தப் பொய் நமக்கே தீங்கு. மகன் வீட்டில் இருப்பதாக எழுதினால், தனியாக வாழும் முதிய பெற்றோரும், கணவரைப் பிரிந்து குடும்பத்தை நடத்தும் மனைவியும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். பெண் தலைமையேற்று நடத்தும் வீடுகள் எத்தனை என்று அரசு அறிய வேண்டுமானால், அவ்வீடுகள் உள்ளபடியே எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001-இல் இம்மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,036 பெண்கள் இருந்தனர். 2011-இல் அது 983 ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் மாநிலச் சராசரி 996. பிழைப்புக்காக ஆண்கள் வெளியேறும் மாவட்டம் என்று பெயர்பெற்ற இடத்தில் பத்தே ஆண்டில் இப்படி ஒரு மாற்றம். பெண்குழந்தைகளை உயிரோடு புதைத்த சமூகத்தைத் திருத்திய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், எல்லோருக்கும் முன்பாக இந்த எண்ணைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருக்க வேண்டும். எந்த மேடையிலும் நான் அதைக் கேட்டதில்லை.

அடுத்தது சாதி பற்றிய கேள்வி. வரும் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் பதிவு செய்யப்பட இருக்கின்றன. "இஸ்லாத்தில் சாதி இல்லை, எனவே அந்தக் கேள்விக்கு முஸ்லிம் என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும்" என்று நல்ல ஆலிம்கள் சிலரும் கருதுகிறார்கள். அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பது இறுதி ஹஜ்ஜின் பேருரையிலேயே பிரகடனம் செய்யப்பட்ட உண்மை. அதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் நம் நடைமுறை என்ன? தமிழ்நாட்டில் 2007 முதல் நடைமுறையில் இருக்கும் 3.5 சதவீத இட ஒதுக்கீடு, முஸ்லிம் என்ற பெயருக்காக மட்டும் தரப்பட்டதன்று. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் என்று பட்டியலிடப்பட்ட பிரிவுகளுக்குத் தரப்பட்டது. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், தக்கனி முஸ்லிம்கள், மாப்பிள்ளை, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா ஆகியவை அப்பிரிவுகள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது லெப்பை என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். கணக்கெடுப்பாளரிடம் மட்டும் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்வது எப்படி நேர்மையாகும்? 2022-இல் வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, போதிய அண்மைத் தரவு இல்லை என்பது முக்கியமான காரணமாக இருந்தது. நாளை நம் ஒதுக்கீட்டின் மீதும் அதே கேள்வி எழலாம். அன்று கையில் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்?

பிரிவின் பெயரை எழுதுவது குலப்பெருமை ஆகாது. அன்சாரிகள் என்றும் முஹாஜிர்கள் என்றும் அறியப்பட்டது நபித்தோழர்களைப் பிரித்துவிடவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு அழைத்தபோதுதான் நபி (ஸல்) அவர்கள் அதை அறியாமைக்கால அழைப்பு என்று கண்டித்தார்கள். நாம் உண்மையிலேயே சாதியை வெறுப்பவர்களானால், அதைக் காட்ட வேண்டிய இடம் நிக்காஹ் பேச்சு நடக்கும் வீடு. தொழில் பார்த்து, பிரிவு பார்த்து, சொத்துப் பார்த்துச் சம்பந்தம் பேசிவிட்டு, கணக்கெடுப்புப் படிவத்தில் மட்டும் சமத்துவம் பேசுவது பொருந்தாது.

கணக்கெடுப்பாளர் வீடு தேடி வரும் 2027 பிப்ரவரியில், பிறைக் கணக்கின்படி ரமளானும் தொடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ். பெரும்பாலும் ஆசிரியர்களே இப்பணிக்கு வருவார்கள். நோன்புக் களைப்பில் கதவைச் சாத்திவிடாமல், பொறுமையாக உட்காரவைத்து, கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லுங்கள். இணையத்தில் நாமே பதிவு செய்யும் வசதியும் இம்முறை உண்டு. ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜும்ஆவிலாவது இதைப்பற்றி எடுத்துரைக்க வேண்டும். படிக்கத் தெரியாத மூதாட்டிகளுக்கு நம் கல்லூரி மாணவிகள் துணை நிற்கலாம்.

அதற்கு முன்பே ஜமாஅத் செய்யக்கூடிய பணி ஒன்று இருக்கிறது. மஹல்லாவின் பதிவேட்டில் வரி கட்டும் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. விதவைகள், படிப்பை நிறுத்திய பிள்ளைகள், மனநலம் குன்றியோர், வட்டிக்கடனில் சிக்கியோர் ஆகியோரின் கணக்கு அதில் உண்டா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். நம் நடுவில் இருந்தும் நம் கணக்கில் இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

அந்தப் பதிவேடு நம் மஹல்லாவின் எல்லையோடு நின்றுவிடவும் கூடாது. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்ற நபிமொழியில் அந்த அண்டை வீட்டார் இன்ன மதத்தவர் என்று சொல்லப்படவில்லை. பனங்காட்டில் வேலையற்றிருக்கும் மாதங்களில் பனையேறியின் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதும், வடமாநிலத்திலிருந்து நம் கடைகளுக்கு வேலைக்கு வந்த பிள்ளை நோயுற்றால் யார் பார்க்கிறார்கள் என்பதும் நாம் அறிந்திருக்க வேண்டியவை.

நாம் பதினைந்து சதவீதமா, பதினாறு சதவீதமா என்று மறுமையில் நம்மிடம் கேட்கப்படப் போவதில்லை. நம் பொறுப்பில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்கப்படும். உள்ளதை உள்ளபடி சொல்லும் நாவையும், உடன் வாழ்வோரை அறிந்துகொள்ளும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.