வாங்கவும் தெரிய வேண்டும்

டிசம்பர் இருபது தாண்டியதும் சித்தூர் கிரீம்ஸ்பேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் கேக்கும் முறுக்கும் நிறைந்த தட்டுகளோடு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஒரு வீட்டையும் விட மாட்டோம். இந்தத் தாராளத்தைப் பற்றி எங்கள் சபைகளில் பெருமையாகப் பேசிக்கொள்வோம். பேசலாம், தப்பில்லை. அதே வீடுகளிலிருந்து திருப்பதி லட்டு எங்கள் வாசலுக்கு வரும்போது நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

திருமலைக்குப் போய் வந்தவர்கள் அக்கம்பக்கத்துக்கு லட்டு கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டம்மா அலிபிரியிலிருந்து படியேறிப் போய் வந்து, கால் வீக்கம்கூட வடியாமல், சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு துண்டு லட்டு கொண்டுவந்தார். திருப்பதியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் முந்திக்கொண்டு, "மேமு தினமண்டி" (நாங்கள் சாப்பிட மாட்டோம்) என்றார். "பர்வாலேதண்டி" (பரவாயில்லைங்க) என்று சிரித்தபடி அந்தம்மா திரும்பிவிட்டார். பின்னாலேயே போய் நான் வாங்கி வந்தேன்.

என் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்த சமயத்தில், வீட்டில் இருந்தவர்களுக்கு வேளாவேளைக்கு டிபன் கேரியர் வந்தது அந்த வீட்டிலிருந்துதான். ராகி சங்கடியும் வேர்க்கடலைச் சட்னியும் மைத்துனருக்கு ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். சாமிக்கு நைவேத்தியம் காட்டாமல் அந்தம்மா அடுப்படியிலிருந்து எதையும் எடுக்க மாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். சங்கடி இறங்கிய அதே தொண்டையில்தான் லட்டு சிக்கிக்கொண்டது.

மைத்துனரிடம் வசனம் இருக்கிறது. அழைத்தவர் வீட்டில் பரிமாறியதை விசாரிக்காமல் சாப்பிடச் சொல்லும் பவுல், இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் விட்டுவிடவும் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அதனால் மனசாட்சி இடம் தராதவர்கள் சாப்பிட வேண்டாம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பவுல் அங்கே கவலைப்படுவது சாப்பிடுபவரின் மனசாட்சிக்காக அல்ல, எதிரே இருப்பவரின் மனசாட்சிக்காக. கிண்ணத்தோடு வாசலில் நின்றவரை அந்தக் கவலையில் நாம் சேர்த்தோமா? சாப்பிடாவிட்டால் போகிறது, இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே உட்கார வைத்து, கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாமே.

சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் எதையும் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், யூதர்கள் புழங்காத ஜனத்தின் கையிலிருந்து. கேட்பவர் கொஞ்சம் இறங்கித்தான் நிற்க வேண்டும். கொடுப்பவருக்கு அந்தச் சங்கடமில்லை. தன்னலமில்லாத அன்பு என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் மேலே நிற்கும் சுகமும் கலந்திருக்கிறதோ என்பது என் நெடுநாள் சந்தேகம்.

பழைய சித்தூர் மாவட்டத்தில் மிஷன்களுக்குப் பெயர் கிடைத்ததே மற்றவர்கள் தயக்கத்தை விட்டு வாங்கிக்கொண்டதால்தான். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் சானடோரியம் 1915-இல் திறந்தது. பொறுப்பில் இருந்தவர் டென்மார்க் டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர். ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம். ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, இவைதான் முக்கிய வைத்தியம். மாதக்கணக்கில் தங்க வேண்டும். சாதி பார்த்துத் தண்ணீர் குடித்த அந்த நாளில் இந்துக் குடும்பங்கள் தங்கள் நோயாளிகளைக் கிறிஸ்தவர் கையில் ஒப்படைத்தன. திருப்பதி ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளிக்கு 1896-இல் திருத்தணிப் பிராமணக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையை அனுப்பியது. பைபிள் பாடம் நடக்கும் பள்ளி என்று தெரியாமலா அனுப்பியிருப்பார்கள்? பிற்பாடு குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்தான் அந்தப் பிள்ளை.

ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றிப் பேசும் அதே பிரசங்க பீடத்திலிருந்து, பிரம்மோற்சவத்துக்கு முந்தின ஞாயிறு லட்டைப் பற்றியும் பேசுங்கள். நாலு பேர் எழுந்து வெளியே போவார்கள். திருப்பதியில் முதல் ஆளாக எழுந்திருப்பவர் என் மைத்துனராக இருப்பார். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.