மே தினம் எந்த ஊர்ச் சரக்கு?

“நூற்றுக்கு நூறு அமெரிக்கன்” என்று அமெரிக்காவில் ஒரு பட்டம் உண்டு. அதைக் கொடுப்பதும் பறிப்பதும் முதலாளிமார் கையில். மே தினத்துக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. அது அந்நியச் சரக்காம், ருஷ்யச் சரக்காம்!

தோழர்களே, மே தினம் பிறந்தது மாஸ்கோவில் அல்ல, சிக்காகோவில். 1886 மே 1ந் தேதி எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள். மே 3ந் தேதி சிக்காகோவில் மக்கார்மிக் கம்பெனியின் அறுவடை யந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீசார் சுட்டார்கள், தொழிலாளிகள் மாண்டார்கள். மறுநாள் ஹேமார்க்கெட்டில் கண்டனக் கூட்டம். கலையச் சொல்லிப் போலீஸ் புகுந்தது. ஒரு குண்டு வந்து விழுந்தது. வீசியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தொழிலாளர் பக்கம் நின்ற எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது கோர்ட்டு. 1887 நவம்பர் 11ந் தேதி நால்வரைத் தூக்கிலிட்டார்கள்.

ஸ்பைஸ், பிஷர், எங்கல் மூவரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். வந்தேறிகளின் வேலை என்று கூச்சல் போட அது வசதியாகப் போயிற்று. சரி, நாலாமவர் பார்சன்ஸ்? அலபாமாவில் பிறந்தவர், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பம். அசல் அமெரிக்கர் என்று கயிறு அவரை விட்டுவைத்ததா? சிறையில் மிஞ்சியிருந்த மூவரை 1893ல் விடுதலை செய்து, விசாரணையே அநியாயம் என்று எழுதினாரே இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்ட், அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான்!

அமெரிக்கத் தொழிலாளி குறித்துக் கொடுத்த இந்த மே 1ஐத்தான் 1889ல் பாரிஸில் கூடிய சர்வதேசக் காங்கிரஸ் உலகத் தொழிலாளர் நாளாக எடுத்துக் கொண்டது. 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதைத்தான். பிறந்த வீட்டில் மட்டும் பிள்ளைக்கு இடமில்லை! 1894ல் செப்டம்பர் மாதத்தில் வேறொரு தொழிலாளர் தினத்தைச் சட்டமாக்கினார்கள். அதுவும் போதாதென்று 1958ல் மே 1ந் தேதிக்கே “விசுவாச தினம்” என்று பெயர் சூட்டினார்கள். விசுவாசம் யாருக்கு என்று மில் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டுமா?

2006 மே 1ந் தேதி அதே சிக்காகோ வீதிகளில் மறுபடியும் லட்சக்கணக்கான பாட்டாளிகள் திரண்டார்கள். மெக்சிகோவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து பழம் பறிப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், கட்டட வேலை செய்பவர்கள். அமெரிக்கர் அல்லர் என்று அவர்களையும்தான் சொன்னார்கள்.