உறுதி எங்கே என்று கேட்பவர்கள்

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானியை வன்னி உழவன் இலகுவில் மறக்கமாட்டான். வட மாகாணத்திலே 5,941 ஏக்கர் காணிக்கு உரித்துடையோர் மூன்று மாதத்துள் தம் உரித்தை நிலைநாட்டவேண்டும். தவறின் அவை அரசுடைமையாகப் பிரகடனஞ் செய்யப்படும் என்றது அந்த அறிவித்தல். அதிலே முல்லைத்தீவு மாவட்டத்தின் பங்கு 1,703 ஏக்கர். கிளிநொச்சியின் பங்கு 515 ஏக்கர். தவணை முடியுந் தறுவாயில், ஜூன் 27ஆம் திகதி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. வழக்காடியோருக்கும் குரல்கொடுத்த மக்களுக்கும் எமது பாராட்டு உரியது. ஆயினும், ஆபத்து அகன்றுவிட்டதென எவரும் பாயை விரித்துப் படுத்துவிடலாகாது.

மீளப்பெறப்பட்டது அறிவித்தலேயன்றிச் சட்டமன்று. காட்டையும் தரிசையும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவாகவே கொள்ளவேண்டுமென 1840இல் விதித்தனர் வெள்ளையர். 1897இன் தரிசு நிலச் சட்டமும், 1931இன் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமும் அவ்வழி வந்தவையே. வெள்ளையர் போயினர், 1972இல் முடியும் போயிற்று. "நிலம் எம்முடையது, அல்லவென்றால் நீ நிரூபி" என்னும் அந்த மனப்பான்மை மாத்திரம் போகவில்லை.

நிரூபிப்பதற்கு வன்னியான் எதைக் கொண்டுவருவான்? 2008இலும் 2009இலும் குளத்தையும் வயலையும் விட்டு, கைப்பிள்ளையுடன் ஊர் ஊராக ஓடி, ஈற்றிலே மனிக்பாம் முட்கம்பிக்குள் அடைபட்ட மக்கள் இவர்கள். பாட்டன் எழுதிய உறுதியும், காணிக் கச்சேரியிலே பெற்ற அனுமதிப்பத்திரமும் எந்தப் பதுங்குகுழியிலே மக்கினவோ, எந்தக் கூரையுடன் எரிந்தனவோ! உரித்தாளர் பலர் மடிந்தனர். பலர் கடல் கடந்தனர். ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்காட இயலாதிருந்தோர்க்கு 1983 மே தொடக்கம் 2009 மே வரையுள்ள காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலே சேர்க்கலாகாதென 2016இல் இதே பாராளுமன்றம் சட்டமியற்றியது. இருபத்தாறு ஆண்டு இடரை ஏற்றுக்கொண்ட அரசு, ஒன்பது ஆண்டு கழிந்ததும் மூன்று மாதத் தவணை விதித்தது நீதியா? கேப்பாப்பிலவிலே குடிகளின் காணியிற் படைமுகாம் அமைத்தபோது அரசு எந்த உறுதியைக் காட்டியது? 2017 மார்ச்சிலே அம்மக்களல்லவா முகாம் வாயிலில் வெயிலிலே அமர்ந்து தம் மண்ணைத் திருப்பிக் கேட்கவேண்டியிருந்தது!

2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலிலே வன்னி மாவட்டத்தில் முதலிடம் பெற்றது ஆளுங்கட்சியே. பழைய கட்சிகளில் மனங்கசந்த மக்கள் மாற்றத்தை நம்பி அளித்த வாக்கு அது. ஐந்து மாதம் நிறையுமுன் அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு இவ்வறிவித்தல்! ஒரு கிராமத்தையேனும் கூட்டிக் கேட்டார்களா? கேட்கவேண்டிய மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. அறிவித்தல் வந்த நாளிலே மக்கள் தெரிந்த சபை வடக்கில் இருக்கவில்லை. சபையைக் கூட்டாமலே சபைக்குரிய பொருளிற் கைவைப்பதை ஜனநாயகம் என்று நாம் அழைக்கமாட்டோம்.

எமது கோரிக்கை தெளிவானது. அழிந்த பதிவுகள் மீளமைக்கப்படும்வரை இத்தகைய அறிவித்தல் வன்னியிலே பிறப்பிக்கப்படலாகாது. பத்திரம் இழந்தவனுக்கு அயலவர் சாட்சியமும், நட்ட தென்னையும், வெட்டிய கிணறும் சான்றாக ஏற்கப்படவேண்டும். நிரூபிக்கும் பாரம் காணியைக் கோரும் அரசின் தோளிலே ஏற்றப்படவேண்டும்.

அரசை மாத்திரம் நோக்கி விரல் நீட்டி நாம் ஓய்ந்துவிடவும் முடியாது. சட்டத்தரணிகளும், நில அளவையாளரும், ஆசிரியரும் மாதத்தில் ஒருநாளாவது கிராமங்களுக்குச் செல்லவேண்டும். பதிவகத்திலே உறுதியின் பிரதி எடுப்பதற்கும், சத்தியக் கடதாசி முடிப்பதற்கும், எல்லையை அளந்து படம் வரைவதற்கும் உழவனுக்குத் துணைநிற்கவேண்டும். முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்தம் சாட்சியத்தை எழுதிக்கொள்ளவேண்டும். நீதிமன்றம் ஒருமுறை எம்மைக் காத்தது. அதற்கு முதல்நாள்வரை எத்தனை வீடுகளிலே உறக்கமில்லாதிருந்தது என்பதை நாம் அறிவோம். அடுத்த வர்த்தமானி வருமுன் எம் மக்கள் கையிலே கடதாசி இருக்கட்டும்.